நெற்றியில் ஓடிய தண்ணீர்

1940 மே 12, ஞாயிறு

பரிசுத்த ஆவி இறங்கின இஸ்பிரீத்துசாந்து திருநாள். பூசை முடிந்து வருவதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் பதினெட்டுப் பேர். திருநாள் என்று காய்ச்சலுக்குத் தெரியுமா? குவினைன் மிக்ஸ்சர் கலக்கிக் கலக்கி என் விரலே கசக்கிறது, சோற்றைத் தொட்டால் சோறும் கசக்கிறது. சௌந்திரத்திடம் சொன்னேன். "கல்யாணம் பண்ணுன நாள்ல இருந்து எஞ் சோத்துக்கு ஒரு நொட்டை சொல்லாட்டி உங்களுக்கு உள்ள இறங்காதுங்களே" என்று சிரித்தாள்.

மத்தியானம் பங்குச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். டாக்டர் விஷயம் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார். டாக்டர் லோவி வியன்னாக்காரர், யூதர். மனைவி செத்துப்போய், இட்லர் ஆட்கள் ஊரைவிட்டு விரட்டி, ஆறு வயசு மகள் ஹன்னாவைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் இஞ்ஞாசிப்பட்டி மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது. "நூறு பேர் மனந்திரும்புவதும் சரி, ஒரு யூதன் மனந்திரும்புவதும் சரி, தனிஸ்லாஸ்" என்றார் சாமியார். ஒரு ஞானோபதேசப் புத்தகத்தைக் கொடுத்து, டாக்டர் மேசையில் தற்செயலாய் வைத்ததுபோல் வை என்றார். எனக்குப் பெருமையாய் இருந்தது. கம்பவுண்டரை நம்பி இவ்வளவு பெரிய காரியம்.

மே 16

புத்தகத்தை டாக்டர் முழுக்க வாசித்துத் திருப்பித் தந்துவிட்டார். தெரியாத சொல்லுக்கெல்லாம் பென்சில் கோடு. "தமிழ் படிக்க நல்ல புத்தகம்" என்றார். கிண்டலா நிஜமா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியாது. நான் விடவில்லை. மனசில் ஒன்றும் தோன்றவில்லையா என்று கேட்டேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "என் அண்ணன் ஞானஸ்நானம் வாங்கினான். பன்னிரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனான். அவர்கள் வந்தபோது அவனையும்தான் பிடித்துப் போனார்கள். கோயிலில் இருந்து ஒரு ஆள்கூட வரவில்லை, இவன் எங்கள் ஆள் என்று சொல்ல."

இதைச் சாமியாரிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

மே 21

வெண்ணந்தூரில் இருந்து நாச்சிமுத்துவின் மாட்டுவண்டியில் ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பேதி. கண் சொருகிவிட்டது. பிழைக்காது என்று தெரிந்ததும் நான் வழக்கம்போல் துணியை நனைத்து நெற்றியைத் துடைக்கிற மாதிரி பிழிந்தேன். தண்ணீர் நெற்றியில் ஓட வேண்டும், ஓடினால்தான் ஞானஸ்நானம் செல்லும். ஓடும்போதே வாய்க்குள் "பிதாவுடையவும் சுதனுடையவும்" சொல்லி முடித்துவிட வேண்டும். பதினாறு வருஷப் பழக்கம். இந்த வார்டில் சாவாபத்தில் இருந்த முன்னூறு குழந்தைக்கு மேல் இந்தக் கையால் மோட்சத்துக்கு அனுப்பியிருக்கிறேன். தாய்மார் குழந்தைக்குக் காய்ச்சல் தணிக்கிறேன் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

திரும்பினால் பின்னால் டாக்டர். என் வாயையும் துணியையும் பார்த்தார். "தாய்க்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சா பயந்துக்குவாங்க, டாக்டர்."

டாக்டர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். எனக்குத்தான் காது சுட்டது. ஏன் சுட வேண்டும்? தப்பா செய்தேன்?

ஜூன் 3

டாக்டரைக் கொண்டுபோய்விட்டார்கள். யுத்தம் ஆரம்பித்தபோதே ஒருமுறை பிடித்து இரண்டு மாசத்தில் விட்டார்கள். இப்போது திரும்பவும். யூதன் என்று இட்லர் விரட்டினான், ஜெர்மன்காரன் என்று வெள்ளைக்காரன் பிடிக்கிறான். இன்ஸ்பெக்டர் ஒரு மணி நேரம் கொடுத்தார். அகமத்நகர் முகாமாம்.

பெட்டி கட்டினது நானும் சௌந்திரமும். ஹன்னா போன தடவைபோல எங்கள் வீட்டில்தான் இருக்கும், அதைச் சொல்லவே வேண்டியதில்லை. டாக்டர் ஒரு காகிதத்தில் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், நான்தான் பொறுப்பு என்று. பிறகு என்னை மட்டும் மருந்து அறைக்குள் கூப்பிட்டார்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தத் துணி. அது என் மகளுக்கு வேண்டாம். நான் திரும்பி வரும்வரை அவள் அம்மாவுடைய பெண்ணாக இருக்கட்டும்."

நான் சுவரில் இருந்த சிலுவையில், பாடுபட்ட சுரூபத்தில் கையை வைக்கப் போனேன். தடுத்துவிட்டார். "அது வேண்டாம். உங்கள் வார்த்தை போதும்." வார்த்தை கொடுத்தேன். என் வீட்டுக் கதவுக்குள் அது நடக்காது என்றேன்.

வண்டி போனதும் ஹன்னா அழவில்லை. சௌந்திரம்தான் அழுதாள்.

ஜூன் 17

பாரீஸ் பட்டணம் விழுந்துவிட்டதாம். சாமியார் பூசையில் நடுவில் நின்றுவிட்டார். முப்பது வருஷமாய் இந்த வெயிலில் கிடக்கிற மனிதர், அப்பா அம்மா கல்லறை அங்கேதான். பாவமாய் இருந்தது. டாக்டருக்காகவும் செபித்துக்கொள்ளுங்கள் என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தார்.

ஆகஸ்டு 30

ஹன்னா இன்று நாச்சிமுத்துவிடம், "ஏனுங் நாச்சிமுத்தண்ணா, மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா?" என்றதாம். அவன் வண்டியில் இருந்து விழாத குறை. வெள்ளைத் தோலை வைத்துக்கொண்டு இப்படிப் பேசினால்! தமிழ் முழுக்க சௌந்திரத்தின் தமிழ்.

கன்னியாஸ்திரி மடத்து மதர் இரண்டாம் தடவை கேட்டனுப்பினார், பிள்ளையைப் போர்டிங்கில் சேர்க்கலாமே என்று. டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். மதர் அதைத் தொடவே இல்லை.

நவம்பர் 2

மரித்த விசுவாசிகள் நாள். கல்லறைத் தோட்டத்துக்கு எல்லாரும் பூவும் மெழுகுதிரியும் கொண்டுபோனார்கள். சௌந்திரம் வழக்கம்போல் வேலிக்கு வெளியே போய் நின்றாள். எங்கள் குழந்தை இரண்டும் அங்கேதான். இரண்டும் வயிற்றிலேயே செத்துப் பிறந்தவை, தண்ணீர் ஊற்ற நேரமில்லை, மந்திரித்த மண்ணில் இடமில்லை என்றார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஹன்னாவும் நின்றது. நான் பக்கத்தில் போகவில்லை. எனக்கு அங்கே நிற்க முடிவதில்லை.

நவம்பர் 22

ஹன்னாவுக்குப் பதினோராம் நாள் காய்ச்சல். டைபாய்டு. இரண்டு நாளாய் நினைவில்லை, ஜெர்மன் பாஷையில் பிதற்றுகிறது. டாக்டர் இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. நாளை சேலம் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டு வர வேண்டும். சர்வேசுரா, இது என் பிள்ளை இல்லை, ஒப்படைத்த பிள்ளை.

நவம்பர் 25

சேலத்தில் ஒரு நாள் தாமதம். வந்து பார்த்தால் காய்ச்சல் இறங்கியிருக்கிறது! கண் திறந்து "தனிஸ் மாமா, பசிக்குது" என்றது. வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், வெட்கமே இல்லாமல். சௌந்திரம் சந்தோஷத்தில் மாதா பாட்டுப் பாடிக்கொண்டே கஞ்சி காய்ச்சினாள். இப்படி அவள் பாடிக் கேட்டு எத்தனை வருஷம்.

1941 ஜனவரி 1, புதன்

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

விருத்தசேதனத் திருநாள் பூசை. சாமியார் பிரசங்கத்தில், நம் ஆண்டவர் யூத குலத்தில் பிறந்து எட்டாம் நாள் விருத்தசேதனம் பண்ணப்பட்டார் என்று ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு முகம் மலர்ந்து, "இந்த இஞ்ஞாசிப்பட்டிக்கு சர்வேசுரன் இந்த வருஷம் ஒரு பெரிய பரிசு தந்தார். இஸ்ராயேல் குலத்து மகள் ஒருத்தி, நம் கம்பவுண்டர் வீட்டில் இருக்கிற பிள்ளை, சாவாபத்தில் ஞானஸ்நானம் பெற்று மரிய அன்னம்மாள் ஆனாள். சர்வேசுரன் அவளுக்கு ஆத்துமத்தோடு உயிரையும் திரும்பக் கொடுத்தார்" என்றார்.

கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. என்னை! வெளியே வந்ததும் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். "புண்ணியவானுங்க நீங்க, கம்பவுண்டரே." நான் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். ஆமாம், இளித்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"நீங்க சேலம் போன அன்னிக்கு மூச்சு நின்னு நின்னு வந்துச்சுங்க. கை சில்லுனு போச்சு. நான் என்ன பண்ணட்டும்? வேலிக்கு வெளியில ரெண்டு கெடக்குது. மூணாவதும் அங்கயே போடட்டுங்களா?"

"நான் வார்த்தை குடுத்தேன்டி! அந்த மனுசனுக்கு வார்த்தை குடுத்தேன்!"

"நீங்க குடுத்தீங்க. நான் குடுக்கல" என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "துணியப் பிழியறது எப்படின்னு நீங்கதானுங்களே எனக்குச் சொல்லிக் குடுத்தது."

ஹன்னா நடு அறையில் நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

ஜனவரி 2

சரி, பயத்தில் செய்தாள். அதைக்கூடப் பொறுக்கலாம். பிழைத்த பிறகு ஏன் போய் மதரிடம் சொன்னாள்? ஒரு மாசம் என் பக்கத்தில் படுத்து, எனக்குச் சோறு போட்டு, வாயைத் திறக்கவில்லையே! கேட்டால், "கோயில் புஸ்தகத்துல ஏறாட்டி செல்லாதுன்னு நெனச்சனுங்க" என்கிறாள். எனக்குத் தெரியாமல் அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்து, புத்தகத்தில் ஏற்றி, ஞானத்தாய் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எல்லாருக்கும் தெரியும். உபதேசியாருக்குத் தெரியும், கோயிற்பிள்ளைக்குத் தெரியும். நான் ஒருத்தன்தான் மடையன்.

ஜனவரி 4

சாமியாரிடம் போனேன். தோத்திரம்கூடச் சொல்லவில்லை. தகப்பன் உயிரோடு இருக்கும்போது இது என்ன நியாயம் என்று கேட்டேன். உட்காரச் சொன்னார், கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நான் யாருடைய பிள்ளையையும் திருடவில்லை, தனிஸ்லாஸ். பிள்ளை செத்துக்கொண்டிருந்தது. ஒரு நல்ல பெண் தன் கடமையைச் செய்தாள். இப்போது அது ஞானஸ்நானம் பெற்ற ஆத்துமம். அதை வேதம் இல்லாத வீட்டில் வளர விடத் திருச்சபைக்கு உரிமை இல்லை."

"அவருடைய மக, சாமி."

"சர்வேசுரனுடைய மகளும்தான்." நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். "நீ கொடுத்தாயே முன்னூறு ஞானஸ்நானம். எத்தனை தாயிடம் கேட்டாய்?"

எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 7

மதரும் இன்னொரு கன்னியாஸ்திரியும் வந்து ஹன்னாவைப் போர்டிங்குக்குக் கூட்டிப்போனார்கள். காகிதத்தைக் காட்டினேன். இது பங்குச் சாமியார் உத்தரவு, வேலையில் இருக்க மனசிருக்கிறதா இல்லையா என்று மதர் கேட்டார். நான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மடித்து வைத்துக்கொண்டேன்! த்தூ.

சௌந்திரம் மதர் காலில் விழுந்தாள். "எங்கூட்டுலயே இருக்கட்டும்னு சொன்னீங்களே தாயே, அப்படிச் சொல்லித்தானுங்களே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டீங்க!" மதர் காலை இழுத்துக்கொண்டார். அவளையும் ஏமாற்றியிருக்கிறார்கள். அவள்மேல் இருக்கிற ஆத்திரத்தில் அதற்காக வருத்தப்படக்கூட எனக்கு மனசு வரவில்லை.

பிப்ரவரி 11

முகாமில் இருந்து கடுதாசி. சென்சார் முத்திரை. இருபது வரி. அதில் பதினைந்து வரி ஹன்னா. பல் விழுந்ததா, கிழக்கு ஜன்னல் பக்கம் படுக்கிறதா, அம்மா சொல்லிக் கொடுத்த தாலாட்டு மறக்காமல் இருக்கிறதா. கடைசி வரி: உங்கள் வீட்டில் இருப்பதால் நான் தூங்குகிறேன்.

பிப்ரவரி 13

பதில் எழுதினேன். ஹன்னா சுகம், இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறது, முன்பல் இரண்டு விழுந்தது என்று எழுதினேன். எல்லாம் நிஜம். ஒரு பொய்கூட இல்லை. இதைவிடப் பெரிய பொய்யை நான் வாழ்நாளில் எழுதியதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தபசு காலம். மடத்துக்கு மருந்து கொடுக்கப் போனேன். போர்டிங் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஹன்னா. தலையை வழித்துச் சீவி, கழுத்தில் மாதா பதக்கம். இளைத்திருந்தது. என்னைப் பார்த்து ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"தனிஸ் மாமா, சேசுவ நாங்கதானுங்க கொன்னோமா?"

"ஆரு சொன்னது, கண்ணு?"

"ஞானோபதேசத்துல வருது. பிள்ளைங்கெல்லாம் என்னயத் திரும்பிப் பாத்தாங்க. எனக்குத் தண்ணி ஊத்துனதுல அது போயிருச்சுன்னு மதர் சொன்னாங்க. எங்கப்பாவுக்கு இன்னும் போகலையாம். அவருக்காக நான் தினம் அழுது செபிக்கணுமாம்."

ஏழு வயசுப் பிள்ளை. அதன் அப்பன் இந்த ஊர்ச் சனத்துக்கு ராப்பகலாய் ஊசி போட்டு, சீழ் துடைத்து, கூலி வாங்காமல் பிரசவம் பார்த்தவன். அவன்மேல் இந்தப் பிள்ளையை வைத்தே பழி சொல்லச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நானும் இதே கேள்விபதிலை ஒப்பித்துத்தான் வளர்ந்தேன். வாயில் கற்கண்டு மாதிரி ஒப்பித்தேன். அப்போது எந்த யூதனைக் கண்டேன்?

"இல்ல சாமி. நீயும் கொல்லல, உங்கப்பாவும் கொல்லல" என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். காதில் விழுந்ததோ என்னமோ.

செப்டம்பர் 8

மாதா பிறந்த திருநாள். போர்டிங் பிள்ளைகள் சுற்றுப்பிரகாரம் வந்தார்கள். மதர் "அன்னம்மா" என்று கூப்பிட்டதும் ஹன்னா திரும்பியது.

நவம்பர் 20

டாக்டரை விடுதலை பண்ணிவிட்டார்கள்! பம்பாயில் ஏதோ தர்ம ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறதாம். இந்த மாசக் கடைசியில் வந்து மகளைக் கூட்டிப்போகிறேன் என்று சாமியாருக்கும் எனக்கும் தனித்தனியே எழுதியிருக்கிறார்.

எனக்கு எழுதியதில் நன்றி என்ற சொல் நாலு இடத்தில் வருகிறது.

நவம்பர் 24

சௌந்திரம் மடத்துத் தையல் வேலை முடிந்து மத்தியானமே வந்துவிட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து, "அவசரமா நாலு கவுன் தைக்கச் சொன்னாங்க" என்றாள். "அளவு நம்ம புள்ள அளவு. தகரப்பெட்டியில அதும் பேரு எழுதியிருக்குது. எங்கியோ கடக்கரைப் பக்கத்து மடத்துக்கு அனுப்பறாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ளயாம்."

"நீ இத எனக்கு ஏன் சொல்றே?"

"அது எங்க போச்சுன்னே தெரியாமப் போயிருமுங்க. எனக்கும் தெரியாது, அவிய அப்பனுக்கும் தெரியாது."

"அப்பன் வந்தா அவரு கூட்டிப் போயிருவாரு. மறுக்கா கோயில் வாசல் மிதிக்க விடமாட்டாரு. தெரியுமல்ல?"

முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, நாச்சிமுத்து வண்டியில் ராசிபுரம் தபாலாபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்தேன். உடனே வரவும். ஹன்னாவை மடத்தார் வெளியூர் அனுப்பப் போகிறார்கள். வாக்கு மீறப்பட்டது. மன்னிக்கவும். தந்தி குமாஸ்தா "வாக்கு மீறப்பட்டது"க்கு இங்கிலீஷ் என்ன போடுவது என்று கேட்டான். சொன்னேன்.

நவம்பர் 27, வியாழன்

டாக்டர் வந்தார். பாதி ஆளாய் இருக்கிறார். தலை முழுக்க நரை. என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நேரே மடத்துக்கு நடந்தார். நான் பின்னால்.

வந்தவர்களைப் பார்க்கிற பார்லரில் மதர் எழுந்து நின்று, பிள்ளை இங்கே இல்லை, அதன் நன்மைக்காக வேறிடத்தில் இருக்கிறது என்றார். கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். சாமியாரும் வந்துவிட்டார். டாக்டர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இருக்குது. பின்கட்டுல, தையல் ரூமுக்குப் பக்கத்துல" என்றேன்.

"தனிஸ்லாஸ், உன் ஆத்துமத்தை யோசி" என்றார் சாமியார்.

பார்லருக்கு அப்பால் கன்னியாஸ்திரிகள் இருக்கும் கட்டு. ஆண்பிள்ளை கால் வைக்கக்கூடாது. மேஸ்திரிகூட ஓடு மாற்ற வந்தால் மணி அடித்துவிட்டுத்தான் உள்ளே வருவான். மீறினால் பூசையில் நன்மை அப்பம் கிடையாது, செத்தால் கல்லறையில் இடம் கிடையாது. எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கன்னியாஸ்திரிகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஹன்னா தகரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தது. தூக்கிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் முழங்கால் போட்டுக் கையை விரித்து அவர்கள் பாஷையில் என்னமோ சொன்னார். பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவர் திரும்பவும் சொன்னார். அது என் தோளில் வாயை வைத்துக்கொண்டு, "மாமா, அவுரு என்ன சொல்றாருங்க?" என்றது.

அவர் முகம் போன போக்கை நான் எழுதமாட்டேன்.

நவம்பர் 28

ராசிபுரம் வரை நாச்சிமுத்து வண்டியில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். சௌந்திரம் வாசலில்கூட வந்து நிற்கவில்லை. உள்ளே பிள்ளையின் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகும்போது, "எனக்குன்னு இருந்ததையும் எடுத்துக் குடுத்துட்டீங்க" என்றாள்.

வழி முழுக்க நான்தான் பேசினேன், இங்கிலீஷில். சௌந்திரத்தைப் பற்றி, காய்ச்சலைப் பற்றி, வேலிக்கு வெளியே இருக்கிற இரண்டைப் பற்றி, அவருக்குப் பயந்துகொண்டு எழுதாமல் விட்டதைப் பற்றி. கேட்டாரா தெரியவில்லை. சேலம் பஸ் வந்தது. நான் கையை நீட்டினேன். அவர் அந்தக் கையைப் பார்த்தார், எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், தனிஸ்லாஸ்."

பஸ் கிளம்பும்போது பிள்ளை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டது. பிரயாணம் புறப்பட்டால் போட வேண்டும் என்று சௌந்திரம் பழக்கியது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வரும் வழியில் நாச்சிமுத்து எல்லாம் கேட்டான். சொன்னேன். கொஞ்ச தூரம் மாட்டை ஓட்டினான். பிறகு வண்டியை நிறுத்திவிட்டான்.

"ஏனுங்க, என்ற பையன் உங்க ஆஸ்பத்திரியிலதான செத்தான். மூணு வருசத்துக்கு முந்தி. நெத்தியத் தொடச்சு உட்டீங்களே. அதுவும் அதுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றேன்.

அவன் திட்டவில்லை. மாட்டின் முதுகைத் தடவினான். "அன்னிக்குப் பொழுதுக்கும் அழுதுட்டு, கம்பவுண்டரு சாமி மாதிரி, கடைசி வரைக்கும் தொடச்சு உட்டாருன்னு என்ற பொண்டாட்டி சுப்பம்மா சொல்லிக்கிட்டே இருந்தா. இன்னமும் சொல்லுவா" என்றான். "அவகிட்டச் சொல்லீராதீங்க."

மிச்ச வழிக்கு என்னை இறங்கி நடக்கச் சொல்லவில்லை. அதுவே பெரிசு.

1942 ஜனவரி 9

வேலை போய்விட்டது. வெண்ணந்தூரில் ஒரு மளிகைக்கடை ஓரத்தில் இடம் பிடித்து மருந்து கலக்கிக் கொடுக்கிறேன். நன்மை வாங்க எனக்கு அனுமதி இல்லை. பூசைக்குப் போகிறேன், கடைசி வரிசையில் நிற்கிறேன். சௌந்திரம் சோறு போடுகிறாள். பேசுவதில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை.

இந்த வீட்டில் யார் யாருக்குத் துரோகம் பண்ணினது? நான் அவளை என்கிறேன், அவள் என்னை என்கிறாள். பம்பாயில் ஒருவர் இரண்டு பேரையும் சொல்வார். அவர் கணக்குத்தான் சரி.

மார்ச் 10

பம்பாயில் இருந்து கார்டு. தமிழில், குழந்தை எழுத்துப்போல் ஒவ்வொன்றாய்த் தனித்தனியே:

"ஹன்னா சுகம். பள்ளிக்கூடம் போகிறாள். என் பாஷை திரும்ப வருகிறது. தூங்குமுன் சிலுவை போட்டு உங்கள் இரண்டு பேர் பெயரும் சொல்லி செபம் செய்கிறாள். நான் நிறுத்தவில்லை. பெரியவள் ஆகி அவள் முடிவு செய்வாள். பதில் எழுத வேண்டாம்."

நான் நிறுத்தவில்லை. இதை எழுத அந்த மனிதருக்கு எப்படி மனசு வந்தது? இத்தனை செபம், இத்தனை உபதேசம் இருக்கிற எங்கள் ஒருத்தருக்கும் வராத மனசு.

கார்டை அடுக்களை மாடத்தில் வைத்தேன். சௌந்திரத்துக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். சாயங்காலம் பார்த்தால் கார்டு அங்கே இல்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளிக்கிழமை

வெயில் நெருப்பாய்க் கொட்டியது. கோயில் நிறையச் சனம். நான் என் கடைசி வரிசையில்.

இன்றைய பெரிய மன்றாட்டுகள். ரோமாபுரிப் பாப்பானவருக்காக, குருக்களுக்காக, ராசாக்களுக்காக, நோயாளிகளுக்காக, வேதம் விட்டுப்போன பதிதர்களுக்காக என்று ஒவ்வொன்றாய் முதலில் உபதேசியார் தமிழில் வாசிப்பார், பிறகு சாமியார் லத்தீனில் பாடுவார். ஒவ்வொரு மன்றாட்டுக்கும் முழங்காலிடச் சொல்வார்கள், கோயில் முழுக்க முழங்காலிட்டு எழும். ஒரே ஒரு மன்றாட்டுக்கு மட்டும் யாரும் முழங்காலிடக் கூடாது. "துரோகிகளான யூதர்களுக்காகவும் மன்றாடுவோமாக" என்று வாசிக்கும்போது நின்றபடியே இருக்க வேண்டும். அவர்கள் ஆண்டவர் முன்னால் கேலியாய் முழங்காலிட்டார்களாம், அதனால் நாம் அவர்களுக்காக முழங்காலிடுவதில்லையாம். விவரம் தெரிந்த நாளில் இருந்து இந்த இடத்தில் நின்றிருக்கிறேன். ஏனென்று ஒருமுறையும் யோசித்ததில்லை.

உபதேசியார் வாசித்தார். துரோகிகளான. என் கால் நிற்கவில்லை. நான் முடிவு பண்ணிச் செய்யவில்லை, கால் தானாய் மடங்கியது. பக்கத்தில் நின்றவன் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான், எனக்கு மயக்கம் என்று நினைத்து. அவன் கையைத் தள்ளினேன். பீடத்தில் சாமியாரின் குரல் ஒரு நொடி தடுக்கியது. பார்த்துவிட்டார். பிறகு பாடினார்.

பெண்கள் பக்கம் திரும்பக் கூடாது என்று தெரியும். திரும்பினேன். நிற்கிற தலைகளுக்கு நடுவே ஓர் இடத்தில் தலை இல்லை. முந்தானை மட்டும் தரையோடு தெரிந்தது. சௌந்திரம், முழங்காலில்.

அவள் எதற்காக முழங்காலிட்டாள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வேப்பமரத்தடியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஒதுங்கி நின்றேன். அவள் இரண்டு கலயம் வாங்கி வந்து ஒன்றை என் கையில் கொடுத்தாள். நாலு மாசத்துக்குப் பிறகு பேசினாள்.

"சூடா இருக்குது. பாத்துக் குடிங்க."